முயலுக்குள் அத்தை

ரேடியோவின் வாயை அடைக்கக் கடை மேனேஜர் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த வழிதான் அந்த முயல்.

ரேடியோ என்பது கூட வேலை பார்க்கிற பெண்கள் அவளுக்கு வைத்த பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. குழந்தைகள் துணிக்கடையில், இரண்டாவது மாடியில், பெண்பிள்ளைகளின் பிரிவு அவளுடையது. நாற்பதைத் தாண்டியவள், ஆள் குள்ளம், நடை வேகம், கோபம் மூக்குக்கு மேலே. கவுனை எடுத்து விரித்துக் காட்டும்போதே, "இது ரெண்டு துவைப்புல சாயம் போயிடும், அந்தப் பச்சைய எடுங்க" என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிடுவாள். வாங்க வருகிறவர்களுக்கு அவளைப் பிடிக்கும். மேனேஜருக்குத்தான் ஆகாது.

ஒரு நாள், உடை மாற்றும் அறையில் ஓர் அம்மா தன் பெண்ணுக்கு இறுக்கமான சட்டை ஒன்றைத் திணித்துக்கொண்டிருந்தாள். பெண் சிணுங்கியது. தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது. ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு நுழைந்து, "உங்களுக்கு ரெண்டு சைஸ் சின்னதா ஒரு சட்டையப் போட்டு அமுக்கி, வலிக்குதுன்னு சொன்னா கிள்ளவும் செஞ்சா, எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா போட்ட கூச்சலில் கீழ்மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் ஏறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் மேனேஜர் ரேடியோவைக் கூப்பிட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முயல் வேஷம் போடுற பையன் நின்னுட்டான். உங்க உயரத்துக்குச் சரியா இருக்கும். நாளைலேர்ந்து நீங்க போட்டுக்குங்க."

"நானா? என் வயசென்ன சார்?"

"உள்ள யாருன்னு எவனுக்குத் தெரியப்போகுது. ரெண்டே விஷயம்தான். முயல் பேசக் கூடாது. பிள்ளைங்க முன்னாடி தலையக் கழட்டக் கூடாது. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

வேறு ஏற்பாடு என்றால் தன்னை வீட்டுக்கு அனுப்புகிற ஏற்பாடு என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். வேஷம் போடுவதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அவள் தயங்கியது மிளகை நினைத்து.

மிளகு அவள் தம்பியின் பெண். மூன்று வயது. அளவும் காரமும் அப்படி என்பதால் ரேடியோ வைத்த செல்லப் பெயர். கட்டிக்கொண்ட மனுஷன் சரியில்லை என்று ரேடியோ கல்யாணமான இரண்டாம் வருஷமே திரும்பி வந்துவிட்டாள். தம்பி வீட்டின் பின்னறை அவளுடையது. தம்பிக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள், காலை ஷிப்ட். அவள் மதியம் வீடு திரும்பிய பிறகுதான் ரேடியோ கடைக்குக் கிளம்புவாள். ஆக, மிளகு கண் விழிப்பதிலிருந்து மதியம் வரை அத்தை, ராத்திரி தூங்குவதும் அத்தையின் வயிற்றில் கால் போட்டுக்கொண்டுதான். நகம் வெட்ட அத்தை, மருந்து ஊற்ற அத்தை, தலையில் சிக்கெடுக்க அத்தை. வேறு யாராவது சீப்பைத் தொட்டால் வீடு ரெண்டுபட்டுவிடும்.

"பெத்தவ நான்தானான்னு எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துடுது அண்ணி" என்று தம்பி மனைவி சிரிப்பாள். ரேடியோவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து, அந்த வாண்டு அவள் மேல் வைத்திருந்த நம்பிக்கைதான். அதை யாராவது தொட்டால் அவள் சும்மா இருக்க மாட்டாள்.

மிளகுக்கு நாயைக் கண்டு பயமில்லை. இருட்டுக்குப் பயமில்லை. ஊசிக்குக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டிவிடும். பயமெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான், ஆள் உயரத்துக்கு எழுந்து நடக்கிற பொம்மைக்கு. ஒரு நாள் காலை இருவரும் பால் வாங்கப் போனபோது, செல்போன் கடை வாசலில் கரடி வேஷம் போட்ட ஒருவன் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். குழந்தையைக் கண்டதும் குஷியாகக் குனிந்து கன்னத்தைத் தொட வந்தான். மிளகு கத்தவில்லை. அத்தையின் இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறி, அங்கிருந்து தலைமேலும் ஏறப் பார்த்தது. ரேடியோவின் கழுத்து முழுக்க நகக்கீறல்.

"தள்ளிப் போய்யா. பிள்ளை நடுங்குறது கண்ணுக்குத் தெரியல?"

"தெரியாதுக்கா" என்றது கரடி உள்ளேயிருந்து பாவமாக. "ஓட்டை மூக்குலதான் இருக்கு."

அன்று படுக்கையில் மிளகு கேள்வி மேல் கேள்வி கேட்டது.

"கரடி நம்ம வீட்டுக்கு வருமா அத்தை?"

"வராது."

"வந்துட்டா?"

"நான் ஒரு அறை விட்டேன்னா வந்த வழியே ஓடிடும்."

இந்தப் பதில் மிளகுக்குப் போதுமானதாக இருந்தது. அத்தையின் கையை எடுத்துப் பார்த்து, அறைகிற கை இதுதானா என்று கேட்டுக்கொண்டு தூங்கிவிட்டது.

விஷயம் தம்பியின் காதுக்குப் போனது. அப்பன் என்றால் என்ன செய்ய வேண்டும்? அணைத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வேண்டும். இந்தப் புண்ணியவான் அதைச் சாப்பாட்டு நேரத்துக்கு உபயோகப்படுத்திக்கொண்டான். "வாயத் திறக்குறியா, கரடியக் கூப்பிடவா?" குழந்தை கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்குவதைப் பார்த்த ரேடியோ, கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"பயமுறுத்தித்தான் சோறு ஊட்டணுமா உனக்கு? வெட்கமா இல்ல?"

"விளையாட்டுக்குக்கா. நீதான் பொத்திப் பொத்தி வச்சு அவளப் பயந்தாங்கொள்ளி ஆக்குற."

"கரப்பான்பூச்சியப் பாத்துக் கட்டில் மேல ஏறி நின்னவன் நீ. உங்க ஆபீஸ்ல வந்து சொல்லவா?"

தம்பி அசடு வழிந்துகொண்டு எழுந்து போனான். ஆனால் பேச்சு அவன் மண்டையில் ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் போய், "நான் இப்போது முயல்" என்று எப்படிச் சொல்வது? பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி வைத்தாள். தம்பி கடைப்பக்கம் எட்டிப் பார்க்கிறவன் இல்லை. கடையிலிருந்து கிளம்பும்முன் முகம் கை கால் கழுவி, தலையை உதறிக் கட்டிக்கொண்டு, முயல் வாசனை துளியும் இல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

முயல் ஒன்றும் லேசுப்பட்ட வேலை இல்லை. தலை ஒரு அண்டா கனம். உள்ளே காற்றுக்கு வைத்திருந்த குட்டி விசிறி எப்போதோ செத்துப்போயிருந்தது. வியர்வை கண்ணில் இறங்காமலிருக்க நெற்றியைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும். சிரித்த வாயில் ஒரு வலைத்துணி தைத்திருக்கும், அது வழியாகத்தான் பார்வை. எதிரில் நிற்பவர்களின் முகம் தெரியாது, இடுப்புக்குக் கீழேதான் தெரியும். அதனால் போட்டோக்காரப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விரிப்பு, அதன்மேல் ஒரு பெஞ்சு. முயல் உட்காரும், பிள்ளை மடியில் உட்காரும், படம் எடுக்கப்படும். அந்த மாதத்தின் நல்ல படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டுவார்கள். அதற்காக ஜனங்கள் அடித்துக்கொண்டார்கள்.

பெற்றவர்களைப் பற்றி ரேடியோவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் முதல் வாரத்திலேயே போய்விட்டது. என்ன ஜென்மங்களோ. பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் சாய்கிறது, இவர்கள் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளுகிறார்கள். "அழுதா முயல்கிட்டயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்கிறார்கள். விட்டுவிட்டுப் போவதுபோல நாலடி நடந்தும் காட்டுகிறார்கள். பிள்ளை வீறிட்டால் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அழுகிற முகம் அழகாக இருக்கிறதாம், அதையும் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் தன் பையனின் இரண்டு கைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டு, "கட்டிப்பிடி, கட்டிப்பிடி" என்றார். கைகளை இவர் பிடித்துக்கொண்டால் அவன் எதைக் கொண்டு கட்டிப்பிடிப்பான்? பிள்ளையென்றால் பொட்டலம் கட்டி வாங்கிப்போகிற சாமான் என்று நினைப்பு.

இதையெல்லாம் ரேடியோ வாயை மூடிக்கொண்டு பார்த்தாள் என்றால் அவளைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். நாக்கு நுனி வரை வந்த வார்த்தைகளை விழுங்கி விழுங்கி அவளுக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது. தன்னால் ஆனதைச் செய்தாள். பயப்படுகிற பிள்ளை வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டுவாள். சில பிள்ளைகள் அந்த முதுகைப் பார்த்து அமைதியாகி, தாங்களாகவே வந்து வாலைத் தொட்டுவிட்டு ஓடும். அது அவளுக்குச் சந்தோஷம். அப்பா அம்மாக்களுக்குத்தான் ஆத்திரம். "உங்க முயல் மூஞ்சியத் திருப்பிக்குது" என்று மேனேஜரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். முயலின் மூஞ்சி வேண்டுமாம். மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி நடந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது.

தம்பி மனைவிக்கு அன்று ஆஸ்பத்திரியில் முறை இருந்தது. ஞாயிறு என்பதால் ரேடியோ காலையிலேயே கடைக்கு வந்துவிட்டாள், மிளகு அப்பாவோடு வீட்டில். மதியத்துக்கு மேல் கூட்டம் நெரிந்தது. பச்சை விரிப்பைச் சுற்றி வரிசை. ரேடியோ குனிந்த தலையோடு அடுத்த பிள்ளைக்காகக் காத்திருந்தபோது, வலைத்துணி வழியாக இரண்டு மஞ்சள் செருப்புகள் தெரிந்தன. இடது செருப்பின் வார் அறுந்து, அதை அவளே கறுப்பு நூலால் தைத்திருந்தாள். அந்தச் செருப்புகள் ஒரு பேன்ட் காலின் பின்னால் ஒளிந்துகொண்டு, விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தன.

"அத்தை எங்க?" என்றது மிளகின் குரல். "அத்தையப் பாக்கலாம்னு சொன்ன?"

"பாக்கலாம்டா. முதல்ல முயலப் பாத்துட்டு." இது தம்பியின் குரல். பிறகு போட்டோக்காரப் பெண்ணிடம், "எங்க அக்கா இங்கதான் வேலை பாக்குறாங்க. பேக்கிங்ல. எங்க இருப்பாங்க?"

அத்தையைப் பார்க்கப் போகலாம் என்று பொய் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். ரேடியோவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோக்காரப் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முயலைப் பார்த்தாள். முயல் தலையை இப்படியும் அப்படியுமாகப் பலமாக ஆட்டியது.

"அக்கா சாப்பிடப் போயிருக்காங்க சார்."

"சரி, அதுக்குள்ள ஒரு படம் எடுத்துடலாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட பசங்க படம் போன மாசம் முகப்புல வந்துச்சு. அந்த ஆளு தொல்லை தாங்கல."

அதற்குத்தானா இவ்வளவும்? ரேடியோ எழுந்து சரக்கறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். கை பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் ஒரு தூணில் மோதினாள். ஜனங்கள் சிரித்தார்கள். தம்பி பின்னாலேயே வந்து முயலின் வாலைப் பிடித்து இழுத்தான். "எங்கப்பா ஓடுற? அடுத்தது எங்க பொண்ணுதான்." திரும்பி, வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். முயல் விளையாடுகிறது என்று எல்லாருக்கும் குஷி. அதற்குள் ஒரு ஜோடி பளபளப்பான ஷூக்கள் வலைத்துணிக்கு முன்னால் வந்து நின்றன. மேனேஜர். "உக்காருங்க" என்றார் பல்லிடுக்கில்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்திருக்கக் கூடாது என்று பிறகு எத்தனையோ தரம் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

தம்பி மிளகைத் தூக்கி முயலின் மடியில் வைத்தான். "கெட்டியாப் பிடிச்சுக்கோ, குதிச்சிடுவா" என்று முயலின் கைகளைக் குழந்தையைச் சுற்றி மடக்கியும் விட்டான். விட்டால் குழந்தை தரையில் விழும். பிடித்தால் பிடிக்கிறது முயல். ரேடியோ பிடித்துக்கொண்டாள். அவள் தூக்கி வளர்த்த உடம்பு, பலகை மாதிரி விறைத்திருந்தது. மூச்சே இல்லை. மடி சூடாக நனைந்தது. அதன் பிறகுதான் மிளகு வாயைத் திறந்தது.

"அத்தை. அத்தை. அத்தை."

எதிரில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிக் கூப்பிட்டது. யாரும் வரவில்லை. கடைசியில் முயலின் முகத்துக்கு நேராகத் திரும்பியது. வலைத்துணிக்கு அந்தப் பக்கம் அந்த இரண்டு கண்களும் அத்தனை பக்கத்தில் இருந்தன.

"எங்க அத்தை வருவா" என்றது மிளகு நடுங்கிக்கொண்டே. "வந்து உன்னை அடிப்பா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சரியான வாயாடி" என்றாள் யாரோ ஒருத்தி. தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லு பாப்பா, அப்பா வீடியோ எடுக்குறேன்" என்றான்.

ரேடியோவுக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை. மேனேஜர் போட்ட விதியாவது மண்ணாவது. குழந்தை கூப்பிடுகிறது, அத்தை இங்கேதான் இருக்கிறாள், இதைவிடச் சுலபமாக ஆறுதல் சொல்ல என்ன இருக்கிறது? இந்தப் பாழாய்ப்போன தலையைத் தூக்கிவிட்டால் தீர்ந்தது. நினைத்ததுதான் தாமதம், ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் முயல் தலையைப் பிடுங்கி எடுத்தாள்.

மிளகு பார்த்தது என்ன என்பதை அவள் அந்த நேரம் யோசிக்கவில்லை. ஒரு பெரிய மிருகம் தன் கழுத்தைத் தானே பிய்த்துக்கொண்டது. பிய்ந்த இடத்திலிருந்து இன்னொரு தலை வந்தது. நெற்றியில் துண்டு, முகத்தோடு ஒட்டிய முடி, கோவைப்பழமாய்ச் சிவந்த கண், கோபத்தில் துடிக்கிற உதடு. அந்தத் தலை அத்தையின் குரலில் பேசியது.

"மிளகு, நான்தான்டா. அத்தைடா. பாரு, அத்தைதான்."

மிளகு பார்த்தது. அதன் பிறகு அதன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை, காய்ச்சலிலும் காது வலியிலும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்த ரேடியோ ஒரு நாளும் கேட்டதில்லை. மடியிலிருந்து வழுக்கி, விழுந்து, எழுந்து ஓடியது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது அப்பனின் காலை. இத்தனையும் செய்த அதே அப்பனின் காலை.

"அக்கா?" என்றான் தம்பி. கையிலிருந்த போன் இன்னும் தூக்கினபடியே இருந்தது. "நீயா உள்ள?"

"நான்தான்டா. பெத்த பிள்ளை மூத்திரம் போகுற அளவுக்குப் பயந்து நடுங்குது, நீ பல்லக் காட்டிக்கிட்டு வீடியோ எடுக்குற. அத்தையப் பாக்கலாம்னு பொய் சொல்லியாடா கூட்டிட்டு வந்த? முகப்புல படம் வரணும்னா உன் படத்த மாட்டிக்கோ. நீ வந்து உக்காரு என் மடியில." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குந்தான் சொல்றேன். வேணாம்னு அழுற பிள்ளையத் தூக்கி முன்னப்பின்ன தெரியாதவங்க மடியில வச்சுட்டுச் சிரிக்கிறீங்களே, உங்கள யாராவது அப்படித் தூக்கி வச்சா சிரிப்பீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள். மாதக்கணக்கில் விழுங்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. ஆனால் அவள் குரல் ஏற ஏற, மிளகு அப்பனின் காலுக்குப் பின்னால் இன்னும் இன்னும் சுருங்கியது. வரிசையில் நின்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. கழுத்துக்குக் கீழே முயல், கழுத்துக்கு மேலே கத்துகிற பெண், கக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிற தலை. அதைப் பார்த்து எந்தப் பிள்ளை அழாது? ரேடியோவுக்கு அது உறைத்தபோது, பாதி வார்த்தையில் வாய் நின்றுவிட்டது.

தம்பி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். அவன் தோளுக்கு மேலாக மிளகு திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தை அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டிருந்தது.

சரக்கறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மேனேஜர் வந்து நின்றார். "இதுக்குத்தான் தலையக் கழட்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எத்தனை பிள்ளைங்க அழுதுச்சு பாத்தீங்களா? நாளைலேர்ந்து வர வேணாம்."

"அழவச்சது நான் மட்டும்தானா? இத்தனை நாளா அதுங்க சிரிச்சுக்கிட்டா இருந்துச்சு? உங்க காது எங்க போச்சு?"

"பிள்ளைங்கன்னா அழும்தான். அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தலையைக் கழற்றிய விஷயத்தில் மட்டும் அந்த ஆள் சொன்னது சரியாகப் போய்விட்டதே, அதுதான் எரிந்தது.

போட்டோக்காரப் பெண் முதுகுப் பக்கத்து ஜிப்பை இறக்கிவிட்டாள். "விடுங்கக்கா. சின்னப் பிள்ளை. நாளைக்கே மறந்துடும்."

"எல்லாரும் இதைச் சொல்லிக்கிட்டுத்தானே இவ்வளவும் பண்றாங்க" என்றாள் ரேடியோ.

வீட்டில் தம்பி மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அண்ணியைக் கோபிக்கவில்லை. புருஷனைப் பார்த்து, "இனிமே என்கிட்டக் கேக்காம அவள வாசலத் தாண்டிக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று மட்டும் சொன்னாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கு மிளகு அம்மாவோடு படுத்துக்கொண்டது. மறுநாளும் அப்படித்தான்.

மறக்கவில்லை மிளகு. பின்னறைக்குள் கால் வைக்கவில்லை. அத்தை கூடத்துக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்று, கீல் இடுக்கு வழியாகப் பார்த்தது. அத்தை தட்டில் போட்ட சோற்றைத் தொடவில்லை, அதையே அம்மா கொட்டிவிட்டு வேறு தட்டில் போட்டால் சாப்பிட்டது. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. இப்போது ரேடியோவுக்கு வேலை இல்லை, நாள் பூராவும் வீட்டில்தான். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவளால் முடியாது என்பதால் தம்பி மனைவி ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டாள். ரேடியோ சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்திருப்பாள்.

"சரியாயிடும்க்கா. சின்னப் பிள்ளைதானே" என்றான் தம்பி ஒரு நாள்.

"நீ என் கண்ணு முன்னாடி நிக்காத. கையில என்ன இருக்கோ அதை எடுத்து வீசிடுவேன்."

சொன்னதோடு விடவில்லை. உண்மையிலேயே சீப்பை வீசினாள். அது அவன்மேல் படாமல் சுவரில் பட்டு விழுந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அதையும் இரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன என்று தெரிந்ததும், ரேடியோ இரண்டு கன்னத்திலும் தானே மாறி மாறி அடித்துக்கொண்டாள். யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. தம்பிமேலா, மேனேஜர்மேலா, சிரித்த கூட்டத்தின்மேலா. யோசித்துப் பார்த்தால், கூப்பிட்டதும் வந்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ள அவசரப்பட்ட தன்மேல்தான் அதிகம்.

பிறகு ஒரு சாயங்காலம், அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கதவு மெல்ல நகர்ந்தது. மஞ்சள் கவுன் வெளியே வந்தது. ரேடியோ நிமிரவில்லை, மடித்த துணியையே திரும்பவும் மடித்தாள். ஒவ்வொரு அடியாக வந்து, மிளகு அவள் எதிரில் நின்றது. ஒரு விரலை நீட்டி அத்தையின் கன்னத்தை அழுத்திப் பார்த்தது. கன்னத்தைக் கிள்ளி இழுத்துப் பார்த்தது. பிறகு கை காதுக்குப் பின்னால் போனது, அங்கிருந்து கழுத்துக்கு, கழுத்தைச் சுற்றி முடிக்குள்ளே.

ரேடியோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தொட்டுவிட்டதே, அது போதும்.

ஆபீஸ் பையோடு வாசலில் நுழைந்த தம்பி இதைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேன்ல? பயமெல்லாம் போயிடுச்சு பாரு."

"பேசின, கொன்னுடுவேன்" என்றாள் ரேடியோ, தலையை அசைக்காமல், உதடு மட்டும் அசைய. தம்பி நின்ற இடத்திலேயே நின்றான்.

சின்ன விரல்கள் கழுத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தன.

"என்னடா மிளகு தேடுற?"

"இதையும் கழட்டு" என்றது மிளகு.

"எதை?"

மிளகு இரண்டு கைகளாலும் அத்தையின் முகத்தைப் பிடித்துக் காட்டியது. "இதை. எங்க அத்தை உள்ள இருக்கா."

மிளகு தாடைக்கு அடியில் உள்ளங்கைகளைக் கொடுத்து, கால் விரல்களில் எழும்பி, பலமெல்லாம் கூட்டித் தூக்கியது. அது தூக்குவதற்கு வாகாக ரேடியோ கழுத்தை நீட்டிக் கொடுத்தாள். தலை வரவில்லை. இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தது. அப்போதும் வரவில்லை. மிளகு கைகளைத் தொங்கவிட்டு, அத்தையின் முகத்தைப் பார்த்தபடியே அத்தை வேண்டும் என்று அழ ஆரம்பித்தது.